அண்ணி வாசிக்காத வரிகள்

எங்கள் அண்ணிக்கு வயலின் வராது என்று எவனாவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஆனால் இத்தனை வருடத்தில் இசைக்குழுவோடு அவர் எதையுமே முழுசாக வாசித்ததில்லை. அது உண்மை.

அண்ணனும் அண்ணியும் ஒரே மேற்கத்திய இசைக்குழுவில், வயலின் வரிசையின் கடைசி ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். இரண்டு பேருக்கும் அந்த ஸ்டாண்டில் ஒரே இசைத்தாள். சபை பக்கமாக இருக்கும் வெளி நாற்காலி அண்ணனுக்கு, உள் நாற்காலி அண்ணிக்கு. பக்கம் முடியும்போது உள்ளே இருப்பவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் புரட்ட வேண்டும். வெளியே இருப்பவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போவார். ஆகப் பத்தொன்பது வருடமாகப் பக்கம் மாறும் இடம் எதுவும் அண்ணிக்குக் கிடையாது. வீட்டில் பழகும்போதுகூட அதைத் தாண்டிப் போய்விடுவார். "வாசிக்கவே போறதில்லை, அப்புறம் எதுக்குத் தம்பி?" என்பார்.

இந்த சீசனுக்கு எட்டுக் கச்சேரிகள். நிகழ்ச்சிப் புத்தகம் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில்தான் அச்சாகிறது. அது மெஷின் ஏறுவதற்கு முன்பே, புதிதாக வந்த கோல்காரர் (குழுவை நடத்துபவரை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம்) ஒவ்வொருவரையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "அம்மா வெளியே, ஐயா உள்ளே" என்று இடத்தை மாற்றினார். முதல் கச்சேரியில் சரிவராவிட்டால் பழையபடிதான் என்றும் சொல்லிவிட்டார்.

தனக்கென்று எதையும் வாய் திறந்து கேட்காத மனுஷி, அன்று சாப்பிடும்போது எங்கள் இரண்டு பேரிடமும் பளிச்சென்று சொன்னார்: "அந்த நாற்காலி எனக்கு வேணும்."

அண்ணன் முகம் கொஞ்சம் சுருங்கித்தான் போனது. பிறகு, "அப்ப நான்தான் புரட்டணுமா?" என்று கேட்டார். செய்தித்தாளைக்கூடப் படித்த பிறகு ஒழுங்காக மடிக்கத் தெரியாத ஆள்!

முதல் ஒத்திகையிலேயே மானம் போனது. மெதுவாகப் போகும் இரண்டாம் பகுதியில் பக்கம் முடிந்ததும், பழக்கதோஷத்தில் அண்ணியின் கை நீண்டது. அண்ணன் கையும் நீண்டது. இரண்டும் மோதி, தாள் பறந்து போய் முன்வரிசைக்காரர் காலடியில் விழுந்தது. கோல்காரர் கோலைத் தாழ்த்திவிட்டு, தாள் திரும்பி வரும்வரை காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்ததாம் அண்ணிக்கு.

அதற்கப்புறம் மூன்று வாரம் எங்கள் கூடத்தில் தினமும் பயிற்சி. பின்னால் நின்றுகொண்டு, அண்ணியின் கை அசைந்தால் "கை!" என்று கத்துவது என் வேலை. அண்ணன் விரலை நாக்கில் தொட்டுப் புரட்டுவார். "எச்சில் தொட்டீங்கன்னா வில்லாலேயே ஒண்ணு வைப்பேன்" என்பார் அண்ணி. ஒரு நாள் இரண்டு தாள் சேர்ந்து புரண்டு, அழுதுகொண்டிருந்த இசை திடீரென்று குதித்து ஆட ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலி. வீட்டில் தேறிவிட்டார்கள். ஒத்திகையில் மட்டும் அண்ணியின் கை சொன்னபடி கேட்கவில்லை. கடைசி ஒத்திகையிலும் நீண்டது.

முதல் கச்சேரியன்று நான் பக்கவாட்டு மாடியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பகுதி. பக்கம் முடியப்போகிறது. "கை!" என்று கத்தாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டேன். அண்ணியின் மணிக்கட்டு துடித்தது எனக்கே தெரிந்தது. ஆனால் கை தந்தியை விடவில்லை. அண்ணன் வயலினை மடியில் இறக்கிவிட்டு, தூங்கும் குழந்தையின் போர்வையை விலக்குவது போல அந்தத் தாளைப் புரட்டினார். அண்ணி வாசித்துக்கொண்டே போனார். நான் சத்தியமாக அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

முடிந்து நான் மேடைக்குப் பின்னால் போனபோது, கோல்காரர் அண்ணியிடம், "சீசன் முழுக்க நீங்க அங்கேயே இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். அண்ணி சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் பெட்டியை மூடாமல் நின்றார்.

"வீட்டுல வாசிச்சப்ப வெறும் ஸ்வரமாத்தான் இருந்துச்சு. சுத்தி எல்லாரும் வாசிக்கும்போது..." என்று அண்ணனைப் பார்த்தார். "இவ்வளவு அழகான இடத்துலயா நான் பக்கம் புரட்டிக்கிட்டு இருந்தேன்?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அழகான இடம்தான். எனக்குத் தெரியும்," என்றார். "ஒரு நாளாவது, நான் புரட்டுறேன் நீ வாசின்னு சொல்லியிருக்கணும்."

அண்ணி பெட்டியை மூடினார். அண்ணனின் காலரை இழுத்துச் சரிசெய்தார்.

"அடுத்த கச்சேரிக்குப் பதினாலு பக்கம்," என்றார். "வீட்டுக்குப் போனதும் நகத்தை வெட்டிக்குங்க, புரட்டும்போது தாளைக் கீறுது."