ஆபரேட்டர் தப்பு இல்லை

எங்கள் வீட்டு இரண்டாவது போர்ஷனில் குடியிருக்கும் பூமாரிக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கட்டம் போட ஆரம்பித்துவிடுவாள். சேரப்பணஞ்சேரியில் எத்தனையோ குடித்தனக்காரர்களைப் பார்த்துவிட்டேன். சண்டைக்கு ஸ்கேல் எடுத்துக்கொண்டு வந்தவள் இவள் ஒருத்திதான். தண்ணீர் சரியாக வரவில்லை என்று என்னிடமே ஒரு தாளை நீட்டினாள். எந்த நாள், எத்தனை மணிக்கு நான் மோட்டார் போட்டேன், எப்போது நிறுத்தினேன் என்று பத்து நாளைக்கு எழுதி வைத்திருந்தாள். வீட்டுக்காரியான எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் தாளில் இருந்தது அத்தனையும் உண்மை. வாயை மூடிக்கொண்டு வால்வை மாற்றினேன்.

சாத்தான்குளம் பக்கத்துப் பெண். டிப்ளமோ முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து, ஹாஸ்டலில் தங்கி, கம்ப்யூட்டர் போர்டு செய்யும் கம்பெனியில் ஆறு வருஷம் நின்றவள். நின்றவள் என்றால் நிஜமாகவே நின்றவள். அந்த லைனில் உட்கார ஸ்டூல் கிடையாது. கல்யாணமான வருஷமே ஒப்பந்தம் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள்.

புருஷன் நயினாருக்கும் அதே ஊர்ப்பக்கம்தான். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. தங்கமான மனுஷன். எங்கள் காம்பவுண்டில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும், ஷிப்ட் முடித்துவந்த களைப்பைப் பார்க்காமல் ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிடுவார். என்ன, கழற்றுவதற்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுவார்: "ஆபரேட்டர் மிஸ்டேக்." என் மிக்ஸிக்கும் அதைத்தான் சொன்னார். அன்றைக்கு அதில் அரைத்தது என் மாமியார். அவர் காதில் விழாமல் போனது என் நல்லகாலம்.

அவர்கள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. தீபாவளிக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தபோது அது முதல் தடவை பட்டென்று அணைந்தது. திரும்ப உயிர் வருவதற்குள் சீட்டெல்லாம் போய், இரண்டு பேரும் ஸ்பெஷல் பஸ்ஸில் கடைசி சீட்டில் குலுங்கிக்கொண்டே போனார்கள். அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை, பிறகு தினமும். நயினார் கணக்கில் குற்றவாளி பூமாரி. அவள் ஈரக்கையோடு தொடுகிறாள், ஒரே நேரத்தில் பத்துப் பக்கம் திறக்கிறாள், ஒழுங்காக நிறுத்தாமல் ஸ்விட்சை அணைக்கிறாள்.

ஸ்ரீபெரும்புதூரில் கோதண்டராமன் கடைக்கு நயினார் அதை இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போனார். இரண்டு தடவையும் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து ஃபார்மேட் அடித்துக் கொடுத்தார்கள். கடையில் ஓடுகிறது, வீட்டுக்கு வந்தால் சாகிறது. "வூட்ல யாரு சார் யூஸ் பண்றது?" என்று கோதண்டராமன் கேட்க, "என் வொய்ஃப்" என்று இவர் சொல்ல, கடையில் நின்றவர்கள் சிரித்தார்களாம். அதையும் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்குப் பூமாரி சாப்பிடவில்லை.

மாசி மாதம் அவளுக்கு ஒரு மெயில் வந்தது. பழுதான போர்டுகளைச் சரிசெய்யும் பிரிவுக்கு ஒரு கம்பெனி ஆள் எடுக்கிறது; ஒப்பந்தம் இல்லை, நிரந்தர வேலை. சனிக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரப் பரீட்சை, அதைத் தொடர்ந்து கேமராவில் நேர்காணல். அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது. நடுவில் அறுந்தால் மறு வாய்ப்பு கிடையாது. முப்பது வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். அவளுக்கு இருபத்தொன்பதே முக்கால்.

"இந்த மிஷினை நம்பி உட்காராத. பிரவுசிங் சென்டர்ல பாத்துக்கிடலாம்" என்றார் நயினார்.

"ஆளு பக்கத்துல இருந்தா செல்லாதுன்னு போட்டுருக்குங்க. நம்ம வீட்டு மிஷின் ஏன் நிக்குதுன்னு முதல்ல பாக்கணும்லா?"

"நீ தொட்டா நிக்கி. சனிக்கிழம வரைக்கும் தொடாத, நான் பாத்துக்கிடுதேன்."

சொன்னதோடு விடவில்லை. புதன்கிழமை காலை ஷிப்டுக்குப் போகும்போது கம்ப்யூட்டரின் கரண்ட் ஒயரைச் சுருட்டி டிபன் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தங்கமான மனுஷன் என்றேனே, அந்த வார்த்தையை அன்றைக்கு ஒருநாள் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

பத்து நிமிஷத்தில் பூமாரி என் சமையலறை வாசலில் நின்றாள்.

"அக்கா, உங்க சாதக் குக்கர் ஒயரைத் தாங்க."

"எங்க வூட்டு குக்கர் ஒயரு உனக்கு இன்னாத்துக்கு?"

"ரெண்டுக்கும் ஒரே வாய்தான்."

கொடுத்தேன். கொடுத்துவிட்டு, அடுப்பில் சாதம் வடித்துவைத்து, அவள் வீட்டிலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்கும் ஒரு பழி பாக்கி இருந்ததே, மிக்ஸி விஷயத்தில்.

அவள் கட்டம் போட்ட தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மிஷினைப் போட்டாள். ஒரு படத்தை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதைத் தொடவே இல்லை. முப்பத்தோராவது நிமிஷம் அணைந்தது. எழுதினாள். உடனே போட்டாள், நான்கே நிமிஷத்தில் போயிற்று. ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போட்டாள். முப்பது நிமிஷம் தாங்கியது. பக்கத்து மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனை நேரே திருப்பிவைத்தாள். ஒரு மணி நேரத்தைத் தாண்டி ஓடியது. ஒவ்வொரு தடவையும் ஒன்றைத்தான் மாற்றினாள். லைனில் அப்படித்தான் பழக்கமாம்.

"வைரஸ்னு சொல்லிக்கினு இருந்தாங்களே?" என்றேன்.

"வைரஸா இருந்தா டேபிள் ஃபேனப் பாத்து பயப்படுமாக்கா? சூடு. கடையில ஏசி ரூம்ல பத்து நிமிஷம் ஓட்டிப் பாத்தா எப்படித் தெரியும்?"

வியாழக்கிழமை அவர் கிளம்பியதும் அவருடைய ஸ்க்ரூடிரைவரையே எடுத்தாள். எனக்குப் பயமாக இருந்தது. "வேணாம் பூமாரி, எதுனா ஒட்சிட்டன்னு வெச்சுக்கோ, அந்தப் பழியும் உன் தலையிலதான்" என்றேன். "ஏற்கெனவே என் தலையிலதான இருக்கு" என்றபடி நடுவில் இருந்த சின்ன ஃபேனையும் அதன் கீழ் இருந்த அலுமினியக் கட்டியையும் கழற்றினாள்.

அதன் அடியில்தான் மிஷினின் மூளை இருக்கிறது. மூளையின் சூடு அலுமினியத்துக்கு ஏறுவதற்காக இரண்டுக்கும் நடுவில் ஒரு பேஸ்ட் வைப்பார்கள், சாம்பல் நிறம், ஓர் அரிசியளவு. பழைய கம்பெனியில் இரண்டு வருஷம் அவள் செய்தது அந்த ஒரே வேலைதான். இங்கே சாம்பலைக் காணோம். பழுப்பாக ஏதோ உருகி ஓரத்துக்கெல்லாம் வழிந்து, நடுவில் காய்ந்து கிடந்தது. பூமாரி ஒரு வெள்ளைத் துணியில் துடைத்து மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகம் மாறியது. துணியை என்னிடம் நீட்டினாள்.

கிரீஸ். வாரம் ஆறு நாள் நயினார் சட்டையைத் துவைக்கிற பூமாரிக்கு அந்த வாசனை தெரியாதா? ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இந்த மனுஷன் வீட்டிலுள்ள ஃபேன், மிக்ஸி, சைக்கிள் என்று ஒன்று விடாமல் கழற்றி சர்வீஸ் செய்தது எனக்கே ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டருக்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். டிக்கெட் போடும்போது அது முதல் தடவை அணைந்தது அதற்கு அடுத்த வாரம்.

சாயங்காலம் என் குக்கர் ஒயரை வாங்கப்போகும் சாக்கில் நானும் அங்கே நின்றேன். மேசையில் தாள், துணி, கழற்றிய அலுமினியக் கட்டி.

"இதை யாரு வச்சது?"

நயினார் துணியை முகர்ந்தார். "பழைய பேஸ்ட் காஞ்சு போயிருந்துச்சு. மிஷின்னா கிரீஸ் வைக்கணும்லா? பேரிங்குக்கு வைக்கிற நல்ல கிரீஸுடி."

"பேரிங் சுத்தும், வைக்கலாம். இங்க என்ன சுத்துது?"

அவர் அலுமினியக் கட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"நாலு மாசமா என் கை ஈரம்னு சொன்னீங்க. அங்க என்ன சுத்துதுன்னு ஒருநாள் கேட்டீங்களா?" குரல் உயரவே இல்லை, ஆனால் கண் கலங்கியிருந்தது. தாளை அவர் பக்கம் திருப்பினாள். அடியில் 'காரணம்' என்ற கட்டத்தில் எழுதியிருந்தாள்: தவறான கிரீஸ். ஆபரேட்டர் தப்பு இல்லை. அதன் கீழே மெயின்டனன்ஸ் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

"முதல்ல ஓடட்டும், பெறவு பாக்கலாம்" என்று முணுமுணுத்தார்.

"சரி. கோதண்டராமன் கடைக்குப் போயி நல்ல பேஸ்ட் வாங்கிட்டு வாங்க. வாங்கும்போது, யாரு தப்புன்னும் அங்க சொல்லிட்டு வாங்க. சிரிச்சவங்க இருந்தா அவங்களுக்கும் சேத்து."

மறுநாள் போனார். சொல்லியிருக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் பேஸ்ட் டியூபோடு ஒரு சீட்டில் "மேடம், சாரி" என்று கோதண்டராமன் எழுதி அனுப்பியிருந்தார்.

அன்றிரவே பூமாரி அதை அரிசியளவு வைத்து மிஷினை மூடினாள். சனிக்கிழமை அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நயினார் லீவு போட்டுவிட்டு வாசற்படியில் காவல் உட்கார்ந்தார். மீன்காரனைக் கையாலேயே விரட்டினார். முப்பத்தோராவது நிமிஷம் தன் வாட்சைப் பார்த்தார், நானும் பார்த்தேன். உள்ளே கீபோர்டு சத்தம் நிற்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் பேச்சுச் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. நீங்கள் சமீபத்தில் கண்டுபிடித்த பழுது ஒன்றைச் சொல்லுங்கள் என்றது ஓர் ஆண்குரல். பூமாரி சொன்னாள்: முப்பத்தொன்று, நான்கு, முப்பது, ஃபேன், கிரீஸ். ஒன்றையும் விடவில்லை.

"அப்போ ஆபரேட்டர் மிஸ்டேக் இல்லையா?"

"இல்ல சார்" என்றாள் பூமாரி, வாசல்வரை கேட்கும்படி. "மெயின்டனன்ஸ் மிஸ்டேக்."

நயினார் தலையைக் குனிந்துகொண்டார். நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கதவு திறந்தது. வேலை கிடைக்குமா, என்ன சொன்னார்கள், எதுவும் அவள் சொல்லவில்லை. தாளை எடுத்துக் கடைசிக் கட்டத்தில் எழுதினாள்: நூற்றைந்து நிமிடம், அணையவில்லை. பேனாவை அவரிடம் நீட்டினாள்.

வாசற்படியிலேயே, தொடைமேல் தாளை வைத்து, நயினார் கையெழுத்துப் போட்டார்.