சாப்பாட்டு நேரத்துச் சூடு

ஆராய்ச்சிக் கூடத்தில் அவளைக் கண்ணாடியக்கா என்பார்கள். அவள் மூக்குக் கண்ணாடி அணிந்ததில்லை. கட்டடக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு அழுவதால் வந்த பெயர். வீட்டுக்குப் போனதும் முதலில் ஜன்னலைத்தான் தொட்டுப் பார்ப்பாள். "எங்களையும் ஒரு தடவ தொட்டுப் பாரு, காய்ச்சலா இருக்கலாம்" என்பான் கணவன்.

ஆராய்ச்சிக் கூடத்து மொட்டை மாடியில் ஒரே அளவில் இரண்டு அறைகள் கட்டியிருந்தாள். ஒன்றுக்குச் சாதாரணக் கண்ணாடிச் சுவர். மற்றதற்கு வெயிலைத் தடுக்க அவள் பூச்சு பூசிய கண்ணாடி. எந்த அறையின் ஏசி குறைவாக மின்சாரம் குடிக்கிறதோ, அந்தக் கண்ணாடி ஜெயித்ததாகக் கணக்கு. அவள் அறைதான் அதிகம் குடித்தது. இந்த மாதமும் இப்படியென்றால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

மின்சார அளவை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தாள். மதியத்தில் மட்டும் எகிறியிருந்தது. மறுநாள் மதியம் மாடியேறினாள்.

அவள் அறையில் மொத்த அலுவலகமும் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தது. நடுவில் இயக்குநர்.

"வாங்கக்கா" என்றாள் கணக்குப் பிரிவுப் பெண். "பக்கத்து ரூம்ல ஏசி போட்டும் வெயில் முதுகைச் சுடுது. இதுதான் ஜில்லுனு இருக்கு."

இத்தனை பேரின் உடம்புச் சூட்டையும் அந்த ஏசிதான் வெளியேற்றிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, உன் கண்ணாடி தேறுமா?" என்றார் இயக்குநர், மென்றபடி.

"தேறும் சார். நீங்க எந்திரிச்சா."

அறைக்குப் பூட்டுப் போட்டாள். மாதக் கடைசியில் கண்ணாடி ஜெயித்தது. ஜில்லென்ற அறை போன கோபத்தில் இப்போது அவளோடு சேர்ந்து சாப்பிட ஆளில்லை. மாடிப்படியில் வியர்க்க வியர்க்கத் தனியாகச் சாப்பிடுகிறாள். சாவி அவளிடம்தான் இருக்கிறது. ஆனால் ஓர் ஆள் உட்கார்ந்தாலும் அடுத்த மாதக் கணக்கு ஏறும்.