நாய்க்காகப் பிரித்த வேலி

நாயைச் சங்கிலியில் கட்டி வளர்ப்பவர்களை எனக்குப் பிடிக்காது. அசையாமல் கிடக்கும் ஒன்றுதான் வேண்டுமென்றால் அவர்கள் ஓர் ஆட்டுக்கல்லை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அது குரைக்காது, தோண்டாது, சோறும் கேட்காது.

உலக யுத்தத்தில் கொழும்பில் குண்டு விழுந்த வருடம் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் சனத்தில் பாதிப்பேர் பெட்டி படுக்கையுடன் யாழ்ப்பாணம் போய்விட்டார்கள். என் கணவருக்கு அரசாங்கக் கந்தோரில் வேலை. கந்தோர் யாழ்ப்பாணம் போகவில்லை, அதனால் நாங்களும் போகவில்லை. அதுவரை கொட்டாஞ்சேனையில் அவருடைய அக்கா வீட்டில் ஓர் அறையில் இருந்தோம். கடலோரத்து வீடுகள் ஆளில்லாமல் கிடந்ததால் எங்களுக்குக் கட்டுப்படியான வாடகையில் ஒன்று கிடைத்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் அக்கா வீட்டில் இருந்து பயப்படுவதை விட, சொந்தக் குசினியில் இருந்து பயப்படலாம் என்று குடிவந்தோம்.

பின்வளவில் ஈரப்பலா மரத்தடியில் நாய் நின்றது. முன்பு இருந்தவர்கள் கட்டியபடியே விட்டுப் போயிருந்தார்கள். கிணற்று வாளியைக்கூட மறக்காமல் கொண்டுபோன சனம் அது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா மதிலுக்கு மேலால் சோறு எறிந்திருக்கிறா. அதனால்தான் நாய் உயிரோடு இருந்தது. கழுத்துப்பட்டி தோலுக்குள் இறங்கிப் புண்ணாகியிருந்தது. தையல் கத்தரிக்கோலால் அதை வெட்டி எடுத்தேன். நாய் என்னைக் கடிக்கவில்லை, ஆனால் கடிக்க யோசித்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசிவிட்டு, இனி இந்தக் கழுத்தில் ஒன்றும் ஏறக்கூடாது என்று கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பரைப் பார்த்தபடி ஓம் என்றார்.

வளவின் பின் எல்லையில் இற்றுப்போன பலகைகள் சில நின்றன. அதற்கப்பால் கொஞ்சம் மணல், தாழம் பற்றை, பிறகு ரெயில் பாதை, பிறகு கடல். அவிழ்த்து விட்ட சில நாட்களிலேயே நாய் பலகைக்குள்ளால் நுழைந்து ரெயிலோடு ஓடியது. சும்மா பக்கத்தில் ஓடவில்லை. சக்கரத்தைக் கடிக்கிற மாதிரி ஓடியது. நான் கிணற்றடியில் வாளிக் கயிற்றைப் பிடித்தபடி நின்று பார்த்தேன். கத்தினாலும் கேட்டிருக்காது. ரெயில் போன பிறகு பின்னங்காலில் தோல் உரிந்து, உடம்பு நடுங்க நடுங்க வந்தது.

மாலையில் கணவர் அதைப் பார்த்தார்.

"கட்டிப்போடும். இல்லாட்டி ஆருக்காவது குடுப்பம். உது ரெயில்ல அடிபட்டுச் செத்தால் நீர்தான் இருந்து அழப்போறீர்."

"கட்டவும் மாட்டன், குடுக்கவும் மாட்டன், சாகவும் விடமாட்டன்" என்றேன். "வளவை அடைக்கிறன்."

அடுத்த நாளே தொடங்கினேன். மணலுக்குள் கிடந்த போத்தல் ஓடுகளையும் துருப்பிடித்த தகரங்களையும் பொறுக்கி எடுத்தேன். எனக்கு முன் அங்கே இருந்தவர்கள் வளவை வளவாக வைத்திருக்கவில்லை, குப்பைக் கிடங்காக வைத்திருந்தார்கள். மூலையில் அலரி நின்றது. சாமிப் படத்துக்குப் பூ வேண்டும் என்று கணவர் தடுத்தார். அலரிக்காய் தின்றால் மனிதனே சாவான், நாய் தப்புமா என்று கேட்டுக்கொண்டே வேரோடு பிடுங்கினேன். சாமிக்குச் செம்பரத்தை போதும். கிணற்றுக் கட்டு முழங்கால் உயரம்தான் இருந்தது, அதற்குப் பலகையில் மூடி செய்தேன். தேங்காய் விழும் தென்னைக்குக் கீழே நாய் படுக்காதபடி ஈரப்பலா நிழலில் கடல் மணல் கொட்டி மேடாக்கினேன். உடைந்த பானையின் அடிப்பாதியை மண்ணில் பதித்துத் தண்ணீர் வைத்தேன். நாய் அந்த மணலில் குழி பறித்து, வயிறு குளிரப் படுத்துப் பார்த்தது. அதற்குப் பிடித்துக்கொண்டது.

பிறகு வேலி. வேலி என்றால் எங்களுக்குத் தெரிந்தது தென்னோலை பின்னிக் கட்டும் கிடுகு வேலிதான். கணவரின் அக்கா கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ்ஸில் வந்து நின்று கட்டுவித்தா. தலைக்கு மேலே உயரம், ஊசி போக இடமில்லை. வெளியே நிற்பவனுக்கு உள்ளே ஒரு சேலை காய்வது தெரிந்தாலும் அது யாழ்ப்பாணத்தாருக்கு வேலி இல்லை. பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, கடற்காற்றையும் சேர்த்து அடைத்துவிட்டீர்களே என்று சிங்களத்தில் சிரித்தா. சிரிக்கட்டும் என்று விட்டேன். நல்ல வேலி கட்டிவிட்டோம் என்று எனக்கு ஒரே திமிர்.

நாய்க்கு அந்த வேலியோடு பைத்தியம் பிடித்தது. ரெயில் பாதை வழியே எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கும். மீன்காரர் போவார்கள், தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டைகளில் கால் வைத்து நடந்தே பம்பலப்பிட்டி போகிறவர்கள் போவார்கள். முந்தி அவர்களைப் பலகை இடுக்கால் பார்த்து ஒரு தரம் குரைத்துவிட்டுப் படுத்த நாய், இப்போது காலடிச் சத்தம் கேட்டாலே வேலி நீளத்துக்கு ஓடியது. ரெயில் வந்தால் கிடுகைப் பிய்த்தது. பிறகு அடியில் தோண்டியது. நான் கல்லைப் போட்டு மூடினால் அதற்குப் பக்கத்தில் தோண்டியது. நகம் கிழிந்து இரத்தம் வந்தும் நிறுத்தவில்லை.

ஒரு நாள் வெளியே போய்விட்டது. மீன்காரர் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் விட்டார். பாதைக்கு நடுவில் நின்று இஞ்சினைப் பார்த்துக் குரைத்ததாம். கூக்குரல் போல விசிலடித்துக்கொண்டு வந்ததாம் ரெயில். அவர்தான் பிடித்து இழுத்திருக்கிறார். கணவரும் அப்போது வீட்டில் இருந்தார். அவர் என்னை ஏசவில்லை. பழைய சங்கிலியை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"இன்னொருக்கா வெளியில போச்சுதெண்டால் நானே கட்டுவன். பிறகு நீர் ஒண்டும் கதைக்கப்படாது."

அவர் சொன்னது நியாயம்தான். அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தா. அவருடைய அக்கா என்பதால் எனக்கு மச்சாள். வளவில் நின்று அடுத்த ஆலோசனைகளைச் சொன்னா. அடியில் செங்கல் புதைக்க வேண்டும், இன்னொரு வரிசை கிடுகு சாத்த வேண்டும், நாய்க்குச் சோற்றைக் குறைக்க வேண்டும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. மச்சாள் பேச்சைப் பாதியில் விட்டா. நேரே வேலிக்குப் போய், இரண்டு விரலால் கிடுகை விலத்தி, கண்ணை வைத்தா. அவவின் காலடியில் நாயும் வந்து மூக்கை வைத்துத் தோண்டத் தொடங்கியது.

"என்ன மச்சாள் பாக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. ஆரோ போகினம். ஆரெண்டு பாத்தனான்."

"பாக்காட்டில் என்ன?"

"இதென்ன கதை. வேலிக்கு அங்கால சத்தம் கேட்டால் ஆரெண்டு பாக்கிறேல்லையே?"

"உங்களுக்கு விரல் இருக்கு, விலத்திப் பாக்கிறியள். அதுக்கு நகம்தானே இருக்கு."

மச்சாள் திரும்பிக் கீழே பார்த்தா. நாயும் அவவைப் பார்த்தது. தன்னையும் நாயையும் ஒன்றாக்கிவிட்டேன் என்று அவவுக்குக் கோபம். எனக்கோ அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. வெளியிலிருந்து உள்ளே தெரியாமல் அடைப்பதை மட்டும் நாங்கள் பரம்பரையாகப் பழகியிருக்கிறோம். உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியவேண்டாமா என்று ஒருவரும் கேட்டதில்லை, ஏனென்றால் ஆளாளுக்கு இரகசியமாக ஓட்டை வைத்திருக்கிறோம். நாய்க்குத்தான் ஓட்டை இல்லை.

பின்வேலியைப் பிரிக்கப் போகிறேன் என்றேன்.

"பிரிச்சுப்போட்டு? நீ கிணத்தடியில குளிக்கிறதை ரெயில்ல போற சனமெல்லாம் பாக்கட்டோ?"

மச்சாள் அதைத் தம்பியிடமும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினா.

அவவின் கேள்விக்குப் பதில் மறுநாள் குளிக்கும்போது வந்தது. மறைக்க வேண்டியது என்னைத்தான், முழு வளவையும் அல்ல. கணவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் யோசிப்பம் என்பார், அவர் யோசிக்கிற நேரத்தில் நாய் செத்துவிடும். கிருலப்பனையில் மரம் விற்கும் ஒரு மரக்காலைக்குப் போய், கமுகு பிளந்த சிலாகை வாங்கி மாட்டு வண்டியில் ஏற்றி வந்தேன். வேலைக்கு ஆளும் வைக்கவில்லை. ஆள் வந்தால் ஐயாவிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பான். கத்தியை எடுத்துப் பின்பக்கக் கட்டுக்களை அறுத்தேன். சிலாகைகளை நிறுத்திக் குறுக்குச் சட்டத்தில் ஆணி அடித்தேன். இடைவெளிக்கு அளவு என் பொத்திய கை முட்டி. முட்டி போகவேண்டும், நாயின் தலை போகக்கூடாது. அடியை மண்ணுக்குள் ஆழமாக இறக்கிக் கருங்கல் போட்டு இறுக்கினேன். கழற்றிய கிடுகு முழுவதையும் கொண்டுபோய்க் கிணற்றைச் சுற்றி, தலைக்கு மேலே உயரமாக, மச்சாள் கட்டுவித்ததை விட நெருக்கமாகக் கட்டினேன். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு இந்த முறை சிரிக்கவில்லை, தேத்தண்ணி தந்தா.

கணவர் கந்தோரால் வந்து குசினிக் கதவைத் திறந்தபோது நேரே கடல் தெரிந்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"உமக்கு விசர்."

"இருக்கட்டும். அஞ்சரை ரெயில் வரட்டும், பாப்பம்."

சங்கிலியை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். தெகிவளைப் பக்கமிருந்து சத்தம் வந்ததும் நாய் காதை நிமிர்த்தி எழுந்து ஓடியது. சிலாகைக்குள் மூக்கை நுழைத்து நின்றது. இஞ்சின் வந்தது. பெட்டிகளில் தொங்கிய சனம் எங்களைப் பார்த்தது. சட்டை போடாமல் நின்ற கணவர் ஓரடி பின்னுக்கு வந்தார். நாய் குரைத்துக்கொண்டே ரெயிலோடு வேலி முடியும் வரை ஓடியது. அங்கே நின்று கடைசிப் பெட்டி மறையும் வரை பார்த்தது. காலால் நிலத்தைத் தொட்டது. தோண்டப்போகிறதோ என்று நினைத்தேன். பிறகு திரும்பி வந்து, பானையில் தண்ணீர் குடித்து, மணலில் விழுந்து படுத்தது.

தோற்றுவிட்டேன் என்று அவர் வாயால் வராது.

"உந்தச் சிலாகை கடல் காத்துக்கு நிண்டு பிடிக்குமே?"

"பிடிக்காட்டில் மாத்துவன்."

மாற்றினேன். உப்புக் காற்று ஆணிகளைத் தின்றுகொண்டே இருந்தது, நான் புது ஆணி அடித்துக்கொண்டே இருந்தேன். மழைக்குப் பிறகு அடிமண் இளகும், கல்லைக் குத்தி இறுக்குவேன். வளவைத் திறந்து போட்டிருக்கிறேன் என்று எங்கள் சனம் கோயிலடியில் கதைத்தது. கதைத்தவர்களில் ஒருத்தியும் என் நாய்க்கு ஒரு பிடி சோறு போட்டவள் இல்லை. அந்த வீட்டில் நாங்கள் இருந்த கடைசி நாள் வரை நாய் ரெயில் பாதையில் கால் வைக்கவில்லை.