ஸ்வெட்டர் மேல் கட்டிய கடிகாரம்

என் வீட்டுக்காரர் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஏற்காட்டுக்காரருக்கு அதற்கு அவசியமும் இல்லை. எங்கள் மலை விளிம்பில் நின்றால், சேலத்தில் இறங்குகிற விமானம் நம் காலுக்குக் கீழேதான் போகும். மற்றவர்கள் அண்ணாந்து பார்ப்பதை இவர் குனிந்து பார்த்தே பழகியவர். அப்படிப்பட்டவர், காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கும் மூட்டைக் கணக்கும் எழுதுகிற ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றதும் தனக்குத் தானே வாங்கிக்கொண்ட பரிசு, விமானிகள் கட்டுகிற கைக்கடிகாரம்.

அதைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். கறுப்பு முகம், பளிச்சென்று வெள்ளை எண்கள். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முக்கோணமும் இரண்டு புள்ளிகளும். பக்கவாட்டில் சாவி கொடுக்கும் திருகு, சின்ன வெங்காயம் போல. அந்தக் காலத்து விமானிகள் கையுறையைக் கழற்றாமலே திருகுவதற்காக அவ்வளவு பெரிதாக வைத்தார்களாம். மொத்தத்தில் சேலத்துத் தட்டுவடை அளவு. மேலே கொஞ்சம் பீட்ரூட் துருவலைத் தூவினால் சாப்பிட்டுவிடலாம் என்று வாங்கி வந்த அன்றே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அப்போது அவர் கையும் அதற்கு ஈடு கொடுத்தது. நல்ல பருமனான ஆள். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். பிறகு சர்க்கரை வந்தது. மாத்திரை, ஊசி, அரை வயிற்றுக் களி, காலை நடை என்று ஒருவழியாக அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தோம். சர்க்கரை கட்டுக்குள் வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். சட்டைகளைத் தைத்துச் சின்னதாக்கினேன். பெல்ட்டை மாற்றினோம். கடிகாரத்தை மட்டும் அவர் மாற்றவில்லை. அது மணிக்கட்டில் நிற்காமல் கனம் தாங்காது உள்பக்கம் சுழன்று போய்விடும். யாராவது மணி கேட்டால், இவர் உள்ளங்கையை விரித்து நீட்டிப் பார்ப்பார். கேட்டவர் சில்லறை எடுக்கப் போவாரோ என்று எனக்கு பயமாக இருக்கும்.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். முழுக்கை ஸ்வெட்டரைப் போட்டு, அதன் மேல் கடிகாரத்தைக் கட்ட ஆரம்பித்தார். கம்பளி தடிமனாக இருப்பதால் வார் இறுகப் பிடித்துக்கொள்ளும். கேட்டால், விமானிகள் ஜாக்கெட்டுக்கு மேலேதான் கட்டுவார்கள், அதுதான் முறை என்பார். ஏற்காட்டில் ஸ்வெட்டர் போட்டவரை யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. சித்திரை மாத மத்தியானத்தில் போட்டாலும், உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். அந்தத் தைரியத்தில் வருஷம் முழுவதும் ஓட்டினார்.

இந்த நேரத்தில்தான் கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். அதே கடிகாரம், அதே முகம், அதே முக்கோணம், ஆனால் சின்ன அளவு. மெல்லிய கைக்காரர்களுக்கென்றே கொண்டுவந்திருக்கிறார்களாம். சேலத்திலேயே கிடைக்கிறது, அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டு என்று எழுதியிருந்தாள். நான் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒரு மழைக்காலம் போச்சுன்னா ஒடம்பு ஏறிக்குமில்ல. அப்பறம் இது பத்தாதே" என்றார்.

அவருடைய சிக்கல் அதுதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சின்னதை வாங்கினால், இளைத்தது இளைத்ததுதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பெரியது கையில் இருக்கும்வரை, பழைய உடம்பு எங்கோ வெளியூர் போயிருக்கிறது, திரும்பி வந்துவிடும் என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் மனுஷன் அதை வாய்விட்டுச் சொல்வாரா? எஸ்டேட் கணக்கு எழுதிய புத்தி, சின்னதில் குறை கண்டுபிடிக்கக் கிளம்பியது.

முதல் குறை, பனிமூட்டத்தில் எண்கள் தெரியாது. இதைச் சோதித்துப் பார்க்கப் பழைய காலண்டர் அட்டையில் பெரிதாக ஒன்றும் சின்னதாக ஒன்றும் வட்டம் வெட்டினார். கறுப்பு மை பூசி, வெள்ளையில் எண்களும் எழுதினார். பத்தடி தள்ளியிருக்கும் சில்வர் ஓக் மரமே மறைந்துபோன ஒரு காலைப்பொழுதில் என்னைக் காம்பவுண்டு கேட்டருகே நிறுத்தி இரண்டு அட்டைகளையும் மாற்றி மாற்றித் தூக்கிக் காட்டச் சொன்னார். நான் காட்டினேன். வாசலில் நின்றுகொண்டு, சின்னது தெரியவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். என்னைத் தெரிகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொள்ளப் போகிறீர்களா, கேட்டில் மாட்டப் போகிறீர்களா என்று கேட்டேன்.

இரண்டாவது குறையைக் கொண்டுவந்தவர் பக்கத்து ஊரான வெள்ளக்கடையில் இருக்கும் அவருடைய சிநேகிதர். டீ குடிக்க வந்தவர், படத்தைப் பார்த்துவிட்டுப் பொம்பளைகள் கட்டுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். என் வீட்டுக்காரருக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. அதையே இரண்டு வாரம் மென்றார். நான் சின்ன அட்டையை நூலில் கோத்து என் கையில் கட்டிக்கொண்டு, சமையல் முடித்து, காப்பிக்கொட்டை காயப்போட்டு, மாலையில் அப்படியே மாதா கோவிலுக்கும் கிளம்பினேன். வழியில் யாராவது கேட்டால் என்ன சொல்வாய் என்று பதறினார். பைலட் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் என்று சொல்வேன் என்றேன். அப்போதுதான் லேசாகச் சிரித்தார்.

கடைசியில், வாங்க வேண்டாம், பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு நாள் கிளம்பினோம். பஸ் மலை இறங்கும்போது மலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாதி வளைவுகள் தாண்டியதும் காது அடைக்கும், காற்று சூடாகும். யாரும் சொல்லாமலே ஆளாளுக்கு ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் திணிக்க ஆரம்பிப்பார்கள். அன்றும் பஸ் முழுக்க முழங்கைகள் முட்டிக்கொண்டன. என் வீட்டுக்காரர் மட்டும் அசையவில்லை. கழற்றினால் கடிகாரம் எங்கே நிற்கும்? அடிவாரம் வந்தது, அசையவில்லை. சேலம் பஸ் ஸ்டாண்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஊரே மோர் குடித்துக்கொண்டிருக்க, இவர் கம்பளிக்குள் நனைந்துகொண்டு நின்றார். ஒரு பூக்காரம்மா என்னைப் பார்த்து, ஐயாவுக்குக் குளிர்காய்ச்சலா என்று பரிவோடு கேட்டது. கௌரவக் காய்ச்சல் என்றேன். கடைக்குள் நுழைந்ததும் ஏசி காற்று முகத்தில் அடித்தது. பார்த்தாயா, ஸ்வெட்டர் தேவைப்படுகிறதா இல்லையா என்று என்னிடம் வெற்றியோடு சொன்னார்.

கடைக்காரர் சின்னக் கடிகாரத்தை வெல்வெட் தட்டில் வைத்து, கட்டிப் பார்க்கச் சொன்னார். ஸ்வெட்டர் கையைக் கொஞ்சம் மேலேற்றிக்கொள்ளச் சொன்னார். கம்பளி ஏறவில்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு பெரிய கடிகாரத்தை அவிழ்த்து என்னிடம் கொடுத்துவிட்டு, ஸ்வெட்டரைக் கழற்றினார். அரைக்கைச் சட்டையோடு கையை அந்தத் தட்டின்மேல் நீட்டினார்.

நான் தினமும் பார்க்கிற கைதான். நான்தான் எண்ணெய் தேய்த்துவிடுகிறேன், ஊசி போட்ட இடத்தைத் தடவிவிடுகிறேன். ஆனால் அந்த வெளிச்சத்தில், கறுப்பு வெல்வெட்டின் மேல், அது வேறு யாருடைய கையோ போல இருந்தது. எலும்பு தனியாக, நரம்பு தனியாக, தோல் தனியாக.

கடைக்காரர் கட்டிவிட்டார். குறை சொல்ல இடமே இல்லை. மணிக்கட்டின் நடுவில் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. இரு பக்கமும் துருத்தவில்லை, சுழலவில்லை, திருகு புறங்கையில் குத்தவில்லை. எண்களும் தெளிவாகத் தெரிந்தன. பைலட் உத்தியோகத்திலிருந்து கண்டக்டர் உத்தியோகத்துக்கு இறங்கிவிட்டீர்கள் என்று சொல்வதற்காக பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை.

அவர் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு கடைக்காரருக்குக் கேட்காத குரலில் என்னிடம் கேட்டார்.

"ஏம்புள்ள, இந்தக் கை பழையபடி ஏறும்னு நெனைக்கறயா? ஏறும்னா சொல்லு. இத இங்கயே வெச்சுட்டு ஊட்டுக்குப் போயிரலாம்."

ஏறும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். சந்தோஷமாக ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, அந்த வெயிலில் நடந்து பஸ் ஏறியிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரிடம் எதையும் நேராகப் பேசியதில்லை; எல்லாம் குத்தலும் கேலியும்தான். எனக்கு அப்படித்தான் பிரியம் காட்டத் தெரியும், அவருக்கும் அது தெரியும். இதற்கு மட்டும் கேலியாக ஒரு பதில் கிடைக்கவில்லை.

"ஏறாதுங்க" என்றேன். "இருக்கற கை போதுமுங்க எனக்கு."

அவர் தலையாட்டினார். கடைக்காரரிடம் திரும்பி, இதையே பில் போடச் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை. அவ்வளவு பேர் இருக்கிற கடையில், பெரிய கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டேன்.

கடைக்காரர் பயந்துவிட்டார். விலையைப் பார்த்துத்தான் அழுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "அக்கா, வருத்தப்படாதீங்க, கொஞ்சம் கொறச்சே போட்டுத் தர்றேனுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் என் காதருகே குனிந்தார். "இன்னுங் கொஞ்ச நேரம் அழு புள்ள. ஒரு ஸ்ட்ராப்பும் சேத்துத் தருவாரு."

அவர் சொல்லாவிட்டாலும் நான் நிறுத்துகிற நிலையில் இல்லை.