உள்ளங்கைச் சீனி

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஹட்டனில் நான் வேலை செய்யும் துணிக்கடை முதலாளிகூட, "ஒங்கட கால்ல சக்கரமா தங்கச்சி?" என்று கேட்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கல்லூரி மண்டபத்தில், பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் உட்கார்ந்து கதவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கண் அசந்தால் எழுந்து லிந்துலை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவாள் என்று பயம்.

அக்கா லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறாள். அவள் கணுக்காலுக்கு மேலே அட்டை கடித்த இடம் ஒரு மாதத்துக்கு மேலாகியும் ஆறவில்லை. மழைக்காலத்தில் அட்டைக்கடி எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. இரண்டு நாள் அரிக்கும், பிறகு காய்ந்துவிடும். இவளுக்கு மட்டும் அது ஈரமாகவே இருந்தது. அம்மாவுக்கும் காலில் ஒரு சின்னப் புண்ணோடுதான் ஆரம்பித்தது. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்கால் வரைக்கும். கடைசியில் அம்மாவே இல்லாமல் போனாள். அக்காவின் காலைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான தூக்கம் கிடையாது.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதோ குதிரைக்கொம்பு. "சீனி வியாதியெல்லாம் குந்திக்கிட்டு திங்கிறவங்களுக்கு வர்றதுடி. நான் நாளு பூரா மல ஏறி எறங்குறேன். எனக்கெங்க வரப்போவுது?" என்பாள். நீரிழிவைத் தடுப்பது பற்றி இலவச விரிவுரை, முடிவில் விரலில் குத்தி இரத்தமும் பார்ப்பார்கள் என்று கடைக்குத் துண்டுப்பிரசுரம் வந்தது. நல்ல சீலை ஒன்று வந்திருக்கிறது, வந்து பார் என்று சொல்லி அவளை ஹட்டனுக்கு வரவழைத்தேன். கல்லூரி வாசலில் வைத்துத்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. "சீல எங்கடி?" என்று மண்டபத்துக்குள் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

பேச வந்தவர் யாழ்ப்பாணத்து டொக்டர். நல்ல மனிதர், நிதானமாகப் பேசினார். அந்த நிதானத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கணையத்தின் படத்தைக் காட்டினார், சிறுநீரகத்தின் படத்தைக் காட்டினார். குத்துவதைச் சீக்கிரம் குத்தித் தொலையுங்களேன் என்று எனக்குள் பொருமினேன். கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அக்கா என் முழங்காலைப் பிடித்து அமுக்கினாள்.

"தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் குடிக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ பாப்பம்" என்றார் டொக்டர்.

முன்வரிசையில் டவுன்காரர்கள் சிலர் கூச்சத்தோடு தூக்கினார்கள். தோட்டத்து ஆட்கள் நிறைந்திருந்த பின்பக்கத்தில் ஒரு கையும் உயரவில்லை. அக்கா தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. டொக்டருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"நல்ல பழக்கம். இதை விட்டுடாதேங்கோ."

அக்கா என்னை இடித்தாள். "கேட்டியா? டொக்டரே சொல்லிட்டாரு. வா, போவோம்."

நல்லவேளை, அதற்குள் தேத்தண்ணி வந்தது. காகிதக் கோப்பையில், சீனி போடாத வெறுந்தேத்தண்ணி. அக்கா பையைத் துழாவி ஒரு கடதாசிச் சுருளை எடுத்துப் பிரித்தாள். இடது உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, நுனிநாக்கால் அதைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு மிடறாகக் குடித்தாள். பக்கத்திலிருந்த பெண்ணின் கையிலும் கொஞ்சம் கொட்டினாள். என் கையும் தானாக நீண்டது. தோட்டத்து லயத்து வீடுகளில் நாங்கள் குடிப்பதே இப்படித்தான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன், கொழுந்து மலையில், வேலை விட்டு வந்த பிறகு என்று எந்த நேரமானாலும் தேத்தண்ணிக்குள் யாரும் சீனி போடுவதில்லை. கையில்தான் போடுவோம். நாக்கில் இனிப்பு பட்ட பிறகுதான் எனக்கு அது உறைத்தது. எங்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் டொக்டர் எங்களைத் தப்பாகப் பாராட்டிவிட்டார்.

விடாமல் அவளைத் தள்ளிக்கொண்டுபோய் நர்ஸின் மேசைக்கு முன்னால் உட்கார வைத்தேன். நர்ஸ் இளம்பெண், எங்கள் பக்கத்துப் பேச்சு. இடது கையின் விரலில் குத்தி, மெஷினைப் பார்த்ததும் அவள் புருவம் சுருங்கியது.

"ரொம்பக் கூடவா இருக்கேக்கா. இப்ப என்னா சாப்பிட்டீங்க?"

அக்கா பதறவேயில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "கையில சீனி, மிஸ். இப்பத்தான் நக்கினேன்."

நர்ஸ் சிரித்துவிட்டாள். "அப்ப மெஷின் அதையும் சேத்துத்தான் காட்டும். சோப்பு போட்டு நல்லா கழுவிட்டு வாங்க, திரும்பப் பாப்போம்."

அக்காவுக்கு ஒரே கொண்டாட்டம். "கையில இருந்த சீனிக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டம் பண்ணுறியேடி" என்று குழாயடி வரைக்கும் என்னைக் கிண்டல் செய்தாள்.

தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது. சோப்பைப் போட்டு அவள் கையை நானே தேய்த்தேன். விரல் வெடிப்புகளில் கொழுந்துக் கறை கறுத்துக் கிடந்தது. ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும் தேய்த்தேன். இவ்வளவு நாளும் இவளுக்கு இரத்தம் பார்க்க வேண்டும் என்று துடித்தவள் நான். இப்போது எனக்கு அவசரமே இல்லை. மெஷின் காட்டியது முழுக்க முழுக்கக் கையில் இருந்த சீனியாகவே இருக்க வேண்டும் என்று, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே தேய்த்தேன்.

"தோலு உரியுதுடி. விடு" என்றாள்.

திரும்பப் போய் உட்கார்ந்தோம். வேறு விரலில் குத்தினாள் நர்ஸ். மெஷினைப் பார்த்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"கொறஞ்சிருக்கு. ஆனா இன்னமும் கூடத்தான்கா. ஆஸ்பத்திரியில வெறும் வயித்துல ஒருக்கா பாக்கணும்."

"சோப்பு சரியா போவல மிஸ்" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. "இன்னொரு தடவ கழுவிட்டு வந்துர்றோம்." அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"கழுவினது போதும்டி" என்றாள். பிறகு குனிந்து, சீலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்து, நர்ஸ் பக்கமாகக் காலை நீட்டினாள்.

"எங்கம்மாவுக்கும் இப்புடித்தான் மிஸ் ஆரம்பிச்சிச்சு."