மதிலில் வைத்த சோறு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாரிஸ் லாச்சப்பலில் கோப்பை கழுவி, பிறகு அங்கேயே சொந்தமாக மரக்கறிக் கடை போட்டேன். ஒருவன் என்ன மறைக்கிறான் என்பதை முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். கலியாணம் பேசி முடித்த மாப்பிள்ளை ஒருவனுக்குச் சென் தெனியில் ஏற்கெனவே குடும்பம் இருந்ததை, அவன் வாங்கிய குழந்தைப் பால்மாவை வைத்தே பிடித்தேன். பொலிஸ்காரன்கூடப் பிடித்திருக்க மாட்டான்.

அப்படிப்பட்ட எனக்கு, 2009இல் வன்னியில் காணாமற்போன என் அம்மாவை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. கல்லாவுக்கு மேலே அவவின் படத்தை ஒட்டினேன். புதிதாக வந்து இறங்கியவர்களை எல்லாம் மறித்து விசாரித்தேன். முகாமில் கண்டது போல என்றார் ஒருவர். ஆஸ்பத்திரியில் என்றார் இன்னொருவர்.

"ஏதும் தகவலோ அண்ணை?" என்று வாடிக்கைக்காரர் கேட்பார்கள்.

"இருந்து பாருங்கோ, கண்டுபிடிச்சுக் காட்டுறன்" என்பேன்.

இங்கிலாந்தில் கடலோரக் கிராமம் ஒன்றில் இருக்கும் தம்பிக்கு எல்லாவற்றையும் போனில் சொல்வேன். "பாப்பம் அண்ணை" என்பான். அதற்கு மேல் ஒரு சொல் வராது. எனக்கு உறுத்தியது. சில வருடங்கள் கழித்து, ஒரு சித்திரை மாதம், சொல்லாமல் ரயிலேறிப் போய் அவன் கதவைத் தட்டினேன்.

"என்னண்ணை, ஒரு போன் அடிச்சிருக்கலாமே?" முகம் வெளிறிவிட்டது.

"அடிச்சால் நீ ஒளிச்சுப் போடுவாய்." பகிடிக்குத்தான் சொன்னேன்.

கடல் பக்கத்து வீடு, குசினியில் மீன், இறைச்சி என்று மச்ச மணமே இல்லை. தம்பி குளித்துத் திருநீறு பூசியிருந்தான். அவன் மனைவி இலைத் துண்டில் சோறும் கறியும் போட்டுக் கொடுக்க, பின் மதிலில் வைத்து "கா, கா" என்று கூப்பிட்டான். காகம் வரவில்லை. வெள்ளைக் கடற்பறவைகள் இறங்கி அடிபட்டுத் தின்றன.

அன்று சித்திரா பௌர்ணமி. தகப்பன் இல்லாதவனுக்கு ஆடி அமாவாசை விரதம். அப்பாவுக்காக நானும் பிடிக்கிறேன். சித்திரா பௌர்ணமிக்கு விரதம் பிடிப்பவன் தாயில்லாதவன்.

"எப்ப தெரியும்?"

"அடுத்த வருசமே. அம்மாவைக் கிடங்கு வெட்டித் தாட்ட ஆள் இஞ்சை வந்து சொன்னது."

"எனக்கு ஏன்ரா சொல்லேல்லை?"

"கண்டுபிடிச்சுக் காட்டுறன் எண்டு கடை முழுக்கச் சொல்லிக்கொண்டு நிண்டியள். எந்த வாயாலை சொல்லுறது அண்ணை?"

அத்தனை சித்திரையிலும் விரதக்காரருக்கு வாழைக்காய் நிறுத்துக் கொடுத்துவிட்டு, நான் ஆட்டிறைச்சி தின்றிருக்கிறேன்.

கடைக்குத் திரும்பிய பிறகும் படம் கல்லாவுக்கு மேலேதான் இருந்தது. மாலை போடக் கை வரவில்லை, கழற்றவும் வரவில்லை. அடுத்த சித்திரா பௌர்ணமியன்று, பக்கத்துக் கடைக்காரன் வழக்கம்போல மட்டன் ரோல்ஸ் கொண்டுவந்தான்.

"சுடச்சுட, பிடியுங்கோ அண்ணை."

"இண்டைக்கு மச்சம் வேண்டாம்."

படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு, ஏதும் தகவலோ என்று கடையில் ஒருவரும் கேட்பதில்லை.