சபைத் தட்டில் சிகரெட் இல்லை

என் சடங்கு ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. அரக்கு நிறப் பட்டில், கழுத்துக் கொள்ளாத மாலையோடு நாற்காலியில் நான். எனக்கு இடப்பக்கம், பந்தல் காலையொட்டி, மாமாமார்களுக்கு நடுவில் என் தம்பி. அவன் கையில் பித்தளைத் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு கட்டு பீடி, கண்ணாடி டம்ளரில் செருகி நிறுத்திய சிகரெட்டுகள், தீப்பெட்டி. அவன் உதட்டிலும் ஒரு சிகரெட். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும்தான்.

குன்றாண்டார்கோவிலைச் சுற்றிய எங்கள் ஊர்களில், விசேஷத்துக்கு வரும் ஆண்களிடம் அந்தத் தட்டை நீட்டுவது சபை மரியாதை. வீட்டுப் பையன் கொண்டுவந்து நீட்டினால் மரியாதை இன்னும் கூடுதல். அன்று பெரிய மாமா, "என்ன மாப்ள, நீட்டுனா மட்டும் போதுமா? பத்த வச்சுக் குடுக்கணும்டா" என்றார். தம்பி ஒன்றை எடுத்து வாயில் வைத்துப் பற்றவைத்தான். புரையேறியது. கண்ணில் தண்ணீர் கொட்ட நின்றவனைப் பார்த்து, "அக்காளுக்கும் தம்பிக்கும் ஒரே நாள்ல சடங்கு முடிஞ்சுபோச்சுப்பா!" என்று யாரோ கத்தினார்கள். பந்தலே குலுங்கியது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் அதன்மேல்தான். கெட்ட எண்ணத்தோடு ஒருவன் கொடுத்திருந்தால் அவனை அடித்துத் துரத்தியிருப்போம்.

தம்பி நன்றாகக் கபடி ஆடுவான். அவன் பாடிக்கொண்டு போனால் மூச்சு அறாது. எதிர்ப்பக்கம் நாலு பேர் காலைப் பிடித்தாலும், இழுத்துக்கொண்டே வந்து கோட்டைத் தொடும்வரை அந்தப் பாட்டு கேட்கும். ஒன்பதாம் வகுப்பில், பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதெல்லாம் கொய்யா இலையை மென்றுகொண்டு வரத் தொடங்கினான். பல்லுக்கு நல்லது என்றான். நான் நம்பினேன். நம்பினேன் என்று எழுதுவதுகூடச் சரியா என்று தெரியவில்லை. அவன் கால்சட்டையைத் துவைக்கும்போது பையில் தீப்பெட்டி கிடைத்தது. அப்பாவிடம் சொன்னால் பெல்ட்டை எடுப்பார் என்று பயந்து அதைக் குப்பையில் போட்டேன். தம்பியிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல அக்காவாக நடந்துகொண்டதாகத்தான் அன்று நினைத்தேன். பதினேழு வயதில் வட்டார ஆட்டத்தில் பாதி வழியிலேயே அவனுக்குப் பாட்டு அறுந்தது. அடுத்த ஆட்டத்துக்கு அவன் பெயரைக் கூப்பிடவில்லை.

இப்போது அவனுக்கு இருபத்தாறு. புதுக்கோட்டையில் லாரிப் பட்டறையில் வேலை. மூன்று தடவை விட்டான், மூன்று தடவையும் மறுபடி தொட்டான். விட்ட நாட்களில் கை நடுங்கும், சோறு இறங்காது, கூப்பிட்டவர்கள்மேல் எரிந்து விழுவான். மன உறுதி இல்லாதவன் என்று உறவில் பேசிக்கொள்கிறார்கள். பன்னிரண்டு வயது உடம்பில் ஏறிய பழக்கத்தை உறுதியால் மட்டும் இறக்கிவிட முடியும் என்று சொல்கிறவர்கள், அவன் விட்டிருந்த நாட்களில் அவனோடு ஒரு நாள் இருந்து பார்க்கட்டும்.

போன வருடம் இருமல் நிற்காமல் போகவே, நான்தான் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் எந்த வயதில் ஆரம்பித்தாய் என்று கேட்டார்.

"பன்னெண்டு சார்."

"யாருப்பா குடுத்தா, பன்னெண்டு வயசுல?"

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். "எங்க அக்கா சடங்குல சார். சபையில வச்சுத்தான் குடுத்தாக."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் கையிலிருந்த டோக்கனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தையில் என் மூன்று வயது மகனுக்குக் குலதெய்வம் கோவிலில் காதுகுத்து வைத்தோம். மாமியார் சொல்லச் சொல்ல, சாமான் பட்டியலை நான்தான் எழுதினேன். பீடி, சிகரெட் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினேன்.

"இது வேணாம் அத்தை."

"ஏத்தா, நாலு பேரு வர்ற எடத்துல வெறும் வெத்தலபாக்க நீட்டுனா, கஞ்சப்பய வீடுன்னு சொல்லமாட்டாகளா?"

"சொல்லிட்டுப் போகட்டும்."

கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அந்த வீட்டில் நான் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு இரண்டு நாள் தூக்கம் இல்லை. வருகிறவர்களை அவமானப்படுத்துகிறேனோ? எல்லா வீட்டிலும் வைக்கிறார்களே, எல்லாப் பையன்களுமா கெட்டுப்போனார்கள்? எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். ஆனாலும் பட்டியலை மாற்றவில்லை.

அன்று தட்டை என் கணவரின் அண்ணன் மகன் கையில் கொடுத்தார்கள். அவனுக்கும் பன்னிரண்டு. நாத்தனார் வீட்டுக்காரர் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, தட்டு மொட்டையா வருது? எங்கடா அந்தச் சாமான்?" என்றார். அவன் விழித்தான். "சித்தி வாங்க வேணாம்னுட்டாக மாமா."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. போய் அவன் பக்கத்தில் நின்றேன்.

"ஆமாண்ணே, நான்தான் சொன்னேன். ஒங்களுக்கு வேணும்னா கடையில வாங்கிக் குடிச்சுக்கங்க. புள்ள கையில நான் குடுத்துவிடமாட்டேன்."

"படிச்ச புள்ள, சட்டம் பேசுது" என்றார் அவர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அங்கிட்டுப் போய்விட்டார். இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். தம்பி தோடும் சீரும் கொண்டுவந்திருந்தான். காலையிலிருந்து புகைக்காமல் இருந்ததால் அவன் விரல்கள் நடுங்கின, ஆனாலும் இரண்டு காதும் முடியும்வரை பிள்ளையை அசையாமல் பிடித்துக்கொண்டான். முடிந்ததும் என்னிடம் கொடுத்துவிட்டுக் கோவிலுக்குப் பின்னால் போனான். எதற்கென்று எனக்குத் தெரியும். திரும்பி வந்தபோது, அழுதுகொண்டிருந்த என் மகன் "மாமா" என்று அவனை நோக்கித் தாவினான். தம்பி கையை நீட்டினான். சபை பார்க்க, பிள்ளையை நான் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"வாயும் கையும் கழுவிட்டு வந்து தூக்கு."

"சீர் கொண்டாந்த தாய்மாமன்கிட்டப் பேசுற பேச்சா இது?" என்றார் மாமியார்.

தம்பி முகம் சுருங்கியது. "என்னக்கா, எனக்குமா?"

"ஒனக்குந்தான்டா."

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். இரண்டு முறை வாய் கொப்பளித்தான், முழங்கை வரை தேய்த்துக் கழுவினான். அதுவரை பிள்ளை அவனைக் கேட்டு என் தோளில் அடித்து அடித்து அழுதான். அழட்டும் என்று நின்றேன்.